காசிமாயன் பிடித்த விரல்கள்

தவசியின் வலது கை முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வந்து நின்றது. பசுமலை டாக்டர் யேசுதாஸ் ஐந்நூறில்தான் ஆரம்பித்தார். மாட்டுத் தரகனிடம் விலை சொன்னால் அவன் சும்மா விடுவானா?

“மணிக்கட்டுல நரம்பு நசுங்குதுன்னு நெனைக்கிறேன். கீறி விட்டா சரியாகலாம்.”

“ஆகலாமா, ஆகுமா சார்? டவுன் டாக்டரு கழுத்தெலும்புல நசுங்குதுங்கிறாரு.”

“அதுவும் இருக்கலாம். நரம்புல கரண்டு வச்சுப் பாக்குற மெஷினுக்கு மெட்ராஸ்தான் போகணும்.”

“கழுத்துதான்னு ஆகிப்போச்சுன்னா மணிக்கட்டுக்கு வாங்குன ரூவாயத் திருப்பித் தருவீகளா?”

டாக்டர் சிரித்தார். தவசி சிரிக்கவில்லை. பல் விழுந்த மாட்டைக்கூட அவன் இத்தனை ‘லாம்’ போட்டு விற்றதில்லை.

இரண்டு மாதமாக அந்த விரல்கள் அடுத்த வீட்டுக்காரனுடையவை போல இருந்தன. இடது கையும் மரத்துக்கொண்டு வந்தது. சட்டைப் பொத்தானை அழகம்மாள் போட்டுவிட்டாள், பெண்டாட்டிதானே, போகட்டும். சந்தையில் யார் உதவுவார்கள்? அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு தரகர்கள் துண்டுக்கடியில் கை கோப்பார்கள். முதல் பிடியில் எத்தனை விரலோ அத்தனை ஆயிரம், அடுத்த பிடியில் நூறு. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தவசிக்கும் தெரியவில்லை. எதிராளியின் முழங்கையையும் கண்ணையும் பார்த்தே எட்டுச் சந்தையை ஒப்பேற்றிவிட்டான்.

ஒன்பதாவது சந்தையில் செல்லத்தாயின் ஜோடிக் காளைகளுக்குக் காசிமாயன் வந்தான். தவசி விற்கிறவர்களின் தரகன், அவன் வாங்குகிறவர்களின் தரகன். இருபது வருடப் பழக்கம். துண்டு விழுந்தது. முழங்கை அசைந்த அசைவைத் தவசி முதல் பிடியில் ஒன்று, அடுத்த பிடியில் நாலு என்று படித்தான். செல்லத்தாயின் காதில், “ஆயிரத்து நானூறு” என்றான். அவள் உடனே கயிற்றை அவிழ்த்தாள்.

காசிமாயன் அவனை லாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

“நான் புடிச்சது பதிமூணு மாப்ள. புடிச்சப்ப நகத்தையும் பதிச்சேன். ஒன் விரலப் பாரு.”

ஆள்காட்டி விரலில் பிறை போல ஒரு கீறல், ரத்தம் கசிந்திருந்தது. யாருக்கோ பட்ட காயம் போலத் தவசி அதைப் பார்த்தான். பதிமூன்றா பதினாலா என்று மல்லுக்கு நிற்கலாம்தான். ஆனால் இருந்த ஒரே சாட்சி அந்த விரல்.

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு மாசமா.”

“பெருவியாதி இல்லையே?”

“அது இல்லேங்கிறதுல மட்டும் ரெண்டு டாக்டரும் ஒத்துப்போறாக.”

“அம்புட்டு வெவரத்தையும் சந்தை ஒக்காந்து கேக்குமா? விரல் செத்த தரகன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். ஒன் துண்டுக்குள்ள எவன் கைய விடுவான்?”

“சொல்லப் போறியா?”

“சொல்லாம இருக்குறதுக்கும் ஒரு வெல இருக்குல்ல மாப்ள.”

காசிமாயன் கொடுத்த ஆயிரத்து முந்நூறோடு, திரும்பி நின்று தன் பச்சை பெல்ட்டிலிருந்து ஒரு நூறைச் சேர்த்தான் தவசி. செல்லத்தாய் எண்ணி முடிந்துகொண்டாள்.

“பதிமூணுக்கே தள்ளிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேண்ணே. ஒங்க கைராசி, நூறு கூடக் கெடச்சிருச்சு.”

அவள் போனதும் காசிமாயன் துண்டை உதறினான்.

“வாரா வாரம் எனக்கு எம்புட்டுன்னு பேசிருவோம்.”

“வாயாலதான் சொல்லேன்.”

“தரகன் தரகன்கிட்ட வாயாலயா பேசுவான்? கையக் குடு.”

தவசி கொடுத்தான். காசிமாயனின் முழங்கை அசையவில்லை. கண் லாரியில் ஏறும் காளைகள் மேல் இருந்தது. துண்டுக்குள் ஏதோ நடந்துகொண்டிருக்க வேண்டும்.

“சம்மதமா?”

தவசி தலையை ஆட்டினான்.

கோச்சடை பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான். டாக்டருக்கென்று சேர்த்தது முந்நூற்றைம்பது. செல்லத்தாய்க்குப் போனது நூறு. தரகு வரவு இருபது. ஆக இருப்பு இருநூற்றெழுபது, குறைவது எண்பது. காசிமாயனுக்கு வாரா வாரம் கொடுக்கவேண்டியது, ஒத்துக்கொண்டாயிற்று, தொகை தெரியாது.