தராசில் ஏறிய கோதுமை

பெல்கிரேடில் கணவர் குடும்பத்தின் காவல் புனிதரின் திருநாள். வாசலிலேயே வேகவைத்துச் சர்க்கரை கலந்து ஆசீர்வதித்த கோதுமையை ஒவ்வொருவரும் ஒரு கரண்டி உண்ண வேண்டும். எனக்கு நீரிழிவு, மாவுச்சத்தைக் கணக்கிட்டுத்தான் இன்சுலின் போட்டுக்கொள்வேன். என் கரண்டியைக் கைப்பையிலிருந்த சிறிய தராசில் வைத்தேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, ஆசீர்வதிச்ச கோதுமையயுமா எடை போடுவ?" என்றார் மாமியார் ராதோய்க்கா.

"ஆசீர்வாதம் ஆண்டவர் குடுப்பாரு அத்தை. ஊசிய நான்தானே போட்டுக்கணும்?"

"போன வருஷம் பேசாம சாப்பிட்டியே!"

"கணக்குப் பாக்காம எல்லாத்தையும் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தேன். பார்க்க வந்த நீங்க கேக் வேற கொண்டுவந்தீங்க."

மைத்துனர் மட்டும் சிரித்தார். அங்கேயே ஊசி போட்டுக்கொண்டு, சிலுவைக்குறி இட்டு, கோதுமையை முழுவதும் மென்று விழுங்கினேன்.

மாமியார் ரொட்டித் துண்டை நீட்டினார். அதையும் தராசில் வைத்தேன்.