மலர்க்கொடி கொடுத்தனுப்பிய மருந்து

“அப்பா, நீ ஊத்திக் குடுக்கறத குடிச்சிட்டு அவுங்க கெட்டுப்போனா, அந்தப் பாவம் அவுங்களுக்கா, உனக்கா?”

கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குவதற்கு முந்தைய மாதம், ஞானோபதேச வகுப்பிலிருந்து வந்த கையோடு சகாய பிரியா கேட்ட கேள்வி அது. அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளுடைய அப்பா இன்னாசிராஜ் ஓர் உல்லாசக் கப்பலின் பாரில் பரிமாறுபவன். வருஷத்தில் எட்டு மாதம் கடலில், மிச்சம் கடலூர் முதுநகர் வீட்டில். பாவம் புண்ணியத்தைப் பற்றி மகளிடம் பேசக் கூச்சப்பட்டு, கப்பலின் சட்டதிட்டங்களைச் சொல்லி அன்று அவன் சமாளித்தான்.

அங்கே யாரும் நினைத்தபடி குடித்துவிட முடியாது. நாளுக்கு எழுபது எண்பது டாலர் கட்டி அட்டை வாங்க வேண்டும், அதற்கு மேல் சேவைக் கட்டணம் வேறு. அட்டை இல்லையென்றால் ஒரு கோப்பைக்குப் பதினாலு டாலர். ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் கூட இருக்கும் வயது வந்தவரும் வாங்கியே ஆக வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான், அதையும் பக்கத்தில் இருப்பவருக்குத் தரக் கூடாது. கரையில் வாங்கி வரும் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டு, பயணத்தின் கடைசி நாளில்தான் திருப்பிக் கொடுப்பார்கள். வேலைக்காரர்களுக்கு இன்னும் கெடுபிடி. அறையில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. எந்த நேரத்திலும் கருவியை நீட்டி ஊதச் சொல்வார்கள்.

“ஒரு கிளாஸ் பதினாலு டாலரா?” என்று கூட உட்கார்ந்திருந்த மச்சினன் அருள் பிரகாஷ் வாயைப் பிளந்தான். “அந்தக் காசுல இங்க ஒரு வாரம் ஓட்டலாம் மாமா.”

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையின் கேள்வி அப்படியே நின்றுபோனது.

இன்னாசிராஜைக் கெடுத்தது அந்தப் பதினாலு டாலர்தான். விலை கொடுத்து வாங்கியவர்கள் பாதியைக் குடித்துவிட்டு நீச்சல்குளத்துப் பக்கம் எழுந்து போய்விடுவார்கள். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்ட வேண்டும். ஊரில் ஒரு ஆளின் இரண்டு நாள் கூலியைச் சாக்கடையில் கொட்டுகிறோமே என்று கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பான். முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். பிறகு அலமாரி மறைவில் நின்று குடிப்பது பழக்கமாகிவிட்டது. வயிறு எரிய ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அவனுடைய அறையில் இன்னொரு படுக்கை கீரப்பாளையத்துப் பழனிவேலுடையது. சலவைப் பிரிவில் வேலை. குடியை வாசனைக்குக்கூட அறியாதவன். கப்பலில் பயணிகள் வெளுக்கப் போடும் துணியிலிருந்து வரும் ஒயின் வாடையே அவனுக்குத் தலைவலி. அவன் பெட்டியில் தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து ஒரு பாட்டில் இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடாமல் வயிறு கெட்டுப்போகும் என்று அவன் மனைவி மலர்க்கொடி சிதம்பரம் மேலவீதியில் வாங்கி, பழைய புடவைத் துணியில் சுற்றி வைத்து அனுப்பியது. இன்னாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட நாட்களில் பழனிவேல் இரண்டு மூடி ஊற்றி, அதே அளவு தண்ணீர் கலந்து கொடுப்பான். வீட்டுக்குப் பேசும்போது அதையும் சொல்லியிருந்தான்.

ஒரு நாள் மத்தியானம் வேலைக்கு ஏறும் நேரத்தில் இன்னாசியை ஊதச் சொன்னார்கள். கருவி காட்டிக்கொடுத்தது. காலையில் அவன் குடித்தது இரண்டு கோப்பைகளில் மிஞ்சிய விஸ்கி. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு. வயிற்று வலிக்கு அறையில் கூட இருப்பவன் மருந்து கொடுத்தான், அதுதான் என்றான்.

அறையைச் சோதித்தார்கள். பாட்டில் அதிகாரியின் மேசைக்கு வந்தது. பழனிவேலைக் கூப்பிட்டு, இதை நீ இவனுக்குக் கொடுத்தாயா என்று கேட்டார்கள். அன்று அவன் கொடுக்கவில்லை. அவன் ஒரு கணம் இன்னாசியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, ஆமாம், மருந்துதான் என்றான். மருந்து வைத்திருப்பது எந்த ஊரில் குற்றம்? அப்படித்தான் அவன் நினைத்தான். அதிகாரி பாட்டிலைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். மருந்து ஊறும்போது தானாக உண்டாகும் சாராயம், நூற்றுக்குப் பன்னிரண்டு வரை. அறையில் மது வைத்திருந்தது ஒரு குற்றம், வேலைக்குப் போகிறவனுக்குக் கொடுத்தது இன்னொரு குற்றம். அடுத்த துறைமுகத்தில் பழனிவேலை இறக்கிவிட்டார்கள். தெரியாமல் குடித்தவன் என்று இன்னாசிக்கு எச்சரிக்கையோடு போயிற்று.

இன்னாசி அப்போதாவது உண்மையைப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து விடுமுறையில் வந்த இன்னாசி முதல் வேலையாகக் கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். சாமியார் கொடுத்த ஜெபங்களை முழங்காலில் நின்று சொல்லி முடித்தான். அடுத்த பயணத்துக்கான உத்தரவும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு புதன்கிழமை சிதம்பரம் போய், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறிக் கீரப்பாளையத்தில் இறங்கினான்.

மலர்க்கொடி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வந்தவன் யாரென்று சொன்னதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“வயிறு இப்ப எப்டிண்ணே இருக்கு?”

அவன் திண்ணையில் உட்கார்ந்தான். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளே சொன்னாள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்காக அடகு வைத்த நகை மூழ்கிப்போனது. கப்பலில் குடித்துவிட்டு ஆடியதால் துரத்திவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு தூக்கக்கூடப் பழனிவேலைக் கூப்பிடவில்லை. எந்தக் கம்பெனிக்கு எழுதினாலும் அந்தப் பழைய குற்றத்தைச் சொல்லியே திருப்பிவிடுகிறார்கள்.

“எல்லாம் என்னாலதாண்ணே. அந்த பாட்டில நான் வச்சனுப்பாம இருந்திருந்தா அவுரு இந்நேரம் வேலைல இருந்திருப்பாரு. சாமி கும்பிடகூட கை கூசுது.”

பழனிவேல் வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். நடை சரியாக இல்லை. இன்னாசியைப் பார்த்ததும் சிரித்தான். இருவரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

“பாக்காதத பாத்த மாதிரி பாக்காத மச்சான். கப்பல்ல வாடையே ஆவாதுன்னவன், இப்ப பாரு, கட்டிங் போட ஆளு தேடுறேன்.”

“ஏண்டா இப்படி?”

“எத்தினி பேருகிட்ட இல்ல இல்லன்னு சொல்றது? சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. குடிச்சிட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்றான்.”

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு ஏன் ஆமாம் என்று சொன்னாய் என்று கேட்டான்.

“மருந்துதானேன்னு நெனச்சேன். உன் மூஞ்சியும் செத்த மூஞ்சியா இருந்துச்சு.” பழனிவேல் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். “அவகிட்ட எதையும் சொல்லிக்கினு கெடக்காத. அண்ணன் அண்ணன்னு உன்ன வாய் நெறயச் சொல்றா. அதாச்சும் அவளுக்கு இருக்கட்டும்.”

ஊருக்குத் திரும்பிய இன்னாசி மனைவி ஆரோக்கிய ராணியிடம் நடந்ததைச் சொன்னான். அவள், “ஆறு மாசம் முன்னாடியே கம்பெனிகிட்ட சொல்லிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாயங்காலமே அவன் கம்பெனிக்கு எழுதினான். என் வாயில் இருந்த வாடை அந்த மருந்தின் வாடை அல்ல. மிச்சம் வைத்த கோப்பைகளிலிருந்து நான்தான் குடித்தேன். பழனிவேல் அன்று எனக்கு எதுவும் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இன்னாசிராஜின் பயண உத்தரவு ரத்து, இனி ஒருபோதும் வேலை கிடையாது. பழனிவேல் சக ஊழியருக்கு மது கொடுத்தான் என்ற குற்றம் நீக்கப்படுகிறது. அறையில் வைத்திருந்த குற்றம் மட்டும் நிற்கிறது, பன்னிரண்டு சதவீதம் பன்னிரண்டு சதவீதம்தான். ஆகவே அவனையும் திரும்ப எடுப்பதற்கில்லை.

அவ்வளவுதான். ஒரு வேலை போய் இன்னொரு வேலை வந்திருந்தால்கூடக் கணக்கு நேராகியிருக்கும். இரண்டும் போனது.

மின்னஞ்சலில் வந்த அந்தப் பதிலைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் அச்செடுத்து, அதன் அடியில் இன்னாசி பேனாவால் தமிழில் எழுதினான். ‘மலர்க்கொடி, உன் மருந்தின் மேல் குற்றம் இல்லை. குடித்தது நான். என் பொய்யைக் காப்பாற்றத்தான் அவன் ஆமாம் என்றான். உன் சாமியிடம் நீ கூசாமல் போகலாம்.’ பழனிவேல் சொல்லாதே என்றது நினைவில் இருந்தது. அவள் இனி அண்ணே என்று கூப்பிட மாட்டாள் என்பதும் தெரிந்தே இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மலர்க்கொடி நடவுக்குப் போயிருந்தாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே தரையில் பழனிவேல் மல்லாந்து கிடந்தான். கூப்பிட்டதற்கு அசையவில்லை. வாயோரம் எச்சில் கோடாக வழிந்திருந்தது.

இன்னாசி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். மல்லாந்து கிடக்கும் குடிகாரனுக்கு வாந்தி வந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். பாரில் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவன் பழனிவேலின் தோளையும் இடுப்பையும் பிடித்து மெதுவாக ஒருக்களித்துப் புரட்டி, ஒரு முழங்காலை மடித்து வைத்தான். தோள் துண்டைச் சுருட்டித் தலைக்குக் கொடுத்தான். வாயைத் துடைத்துவிட்டான். மூச்சு சீராக வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்து, சுவரில் சாமி படங்கள் வைத்த பலகைக்குப் போனான். விபூதித் தட்டை ஒரு கையால் தூக்கி, மடித்த காகிதத்தை அதன் அடியில் வைத்தான். மாலையில் விளக்கேற்ற வருகிறவளின் கண்ணில் படும்படி ஒரு ஓரத்தை மட்டும் வெளியே இழுத்துவிட்டான்.