ஈரம் காயாத மூடி

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கடிகாரக்காரர் ஏழாண்டுகளாக மூடி திறவாமல் காத்துவந்த ஜாடியை, அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேளாமல் அவருடைய மனைவி திறந்துவிட்டார்.

ஜாடி மனைவியின் அண்ணனுடையது. கப்பல் வேலைக்காரரான அவர், பைப்பில் புகைக்கும் புகையிலையை அதில் அடைத்துக் கொடுத்து, "இருட்டுல வைங்க மாப்பிள்ளை. மூடியே கெடந்தாத்தான் ருசி ஏறும். நான் வேலையை விட்டு வர்ற அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம்" என்று சொல்லிப் போயிருந்தார். அவர் வரும் நாள் இன்றுதான்.

"அலமாரியைத் துடைச்சேன். இலை மேல வெள்ளையாப் பூத்திருந்துச்சு. பூஞ்சைன்னு மேலாக்க இருந்ததை மாடியில வெயில்ல பரப்பிட்டேன். மூடியையும் கழுவிட்டேன். எங்க அண்ணன் பொருள் கெட்டா எனக்கு வலிக்காதா?"

கடிகாரக்காரர் மாடிக்கு ஓடினார். தொழிலுக்குரிய உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கி, ஓர் இழையைத் தூக்கிப் பார்த்தார். பூஞ்சையென்றால் பஞ்சுபோல் நூலோடியிருக்கும். இதுவோ கற்கண்டுப் பொடிபோல் மின்னியது.

"பூஞ்சை இல்ல! இலைக்குள்ள இருந்த சத்துதான் வெளிய வந்து உறைஞ்சிருக்கு. நல்லா முதிர்ந்த இலையில இப்படிப் பூக்கும்."

"ஐயையோ! காய்ஞ்சுபோச்சேங்க. தண்ணி தெளிக்கட்டுமா?"

"தெளிச்சியோ, நிஜப் பூஞ்சையே வந்து குடித்தனம் பண்ணும்!"

அழைப்புமணி அடித்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மொறுமொறுத்த இலைகளை அள்ளி ஜாடியில் போட்டார்; சமையலறையிலிருந்த மூடியை இறுகத் திருகினார்; அலமாரிக்குள் தள்ளினார். அதன்பின்புதான் தம் விரல்கள் நனைந்திருப்பதைக் கண்டார்.

மைத்துனர் அமர்ந்ததும் கேட்டார்: "ஜாடி பத்திரமா, மாப்பிள்ளை?"

"பத்திரம், மச்சான்."

"உங்ககிட்ட குடுத்தா சும்மாவா! சரி, இன்னிக்கு ஒரே அசதி. இத்தனை வருஷம் கெடந்தது, இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும்."

ஒரு மாதமா! மூடியின் உட்புறத்தில் தொங்கும் துளிகள் ஒவ்வொன்றாக இலைமேல் சொட்டுவதைக் கடிகாரக்காரர் காதால் கேட்பதுபோல் உணர்ந்தார். மனைவியின் முகம் வெளுத்தது. உண்மையைச் சொன்னால் ஏழாண்டு நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் புகையிலையே போகும்.

"மச்சான், இப்பவே திறக்கணும். மூடி ஈரம்."

"நான்தான் முதல்ல திறந்தேன் அண்ணா" என்று மனைவி முந்திக்கொண்டார்.

மைத்துனர் எழுந்து மூடியைக் கழற்றினார். கைக்குட்டையால் அதைத் துடைத்தார். நனைந்த இழைகளைப் பொறுக்கி எறிந்தார். எஞ்சியதை நெடுநேரம் முகர்ந்தார்.

"தங்கச்சி காய வெச்சா, நீங்க நனைச்சீங்க. ஒரே நாள்ல கோடையும் மழையும் பாத்துடுச்சு, பாவம்! அடி இலை தப்பிச்சிடுச்சு. பைப்பை எடுங்க."

வாசகரே, பிறர் வீட்டு ஜாடியில் வெள்ளை பூத்திருக்கக் கண்டால், முதலில் உரியவரைக் கேளுங்கள்; அதுவரை மூடியிலிருந்து கையை எடுங்கள்!