ஒன்பதாவது தீவு

"அங்க மலை இருக்குதுங்களா?"

"மலையா? ஒரு கரடுகூட இல்ல புவனா. அந்த நாட்டுலயே ஒசரமான எடம் மூணாள் ஒசரம் வராதாம்."

"ஆறு?"

"ஆறுமில்ல, ஓடையுமில்ல."

"அப்பறம் தண்ணிக்கு என்னங்க பண்ணுவாங்க?"

"மழை பேஞ்சாத்தான். கூரைல உழுகறதத் தொட்டில புடிச்சு வெச்சுக்குவாங்க. மழை ஏமாத்திப்போட்டா கடல் தண்ணியச் சுத்தம் பண்ணிக் குடிக்கோணும். அதுக்குத்தான் நம்ம கம்பெனி மோட்டார் போகுது. மோட்டாரோட நானும் போறேன்."

"ஊரு எத்தனை பெருசுங்க?"

"நீளமா, ஒடுக்கமா, ரிப்பனாட்டம் கெடக்குது. சில பக்கம் நடு ரோட்டுல நின்னம்னா அக்கட்டயும் கடல், இக்கட்டயும் கடல்."

"அத்தனூண்டு ஊருல ஆராச்சும் செத்துப்போனா எங்கீங்க கொண்டுபோவாங்க?"

பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த திருமூர்த்தியின் கை பாதியில் நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு ஜிப் மறுபடியும் ஓடி மூலையைத் தொட்டது.

"சாக்ஸ் எங்க வெச்சே அம்மணி?" என்று கேட்டான்.

அந்தப் பேச்சு நடந்து ஒன்றரை வருஷமாகிறது. பாத்திரம் கழுவும்போதும், காயப்போட்ட துணியை எடுக்கும்போதும் புவனா அதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அவள் கேட்க நினைத்தது வேறு கேள்வி. வாய்க்கு வந்தது அதன் நிழல் மட்டும்தான். நிழலைக் கண்டே அவன் அப்படி மிரண்டுபோனான் என்றால் நிஜத்தை எப்படிக் கேட்பது?

அந்தப் பேச்சுக்குச் சில மாதம் முன்பு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் மூச்சு வாங்கிவிட்டுப் போய்விட்டது. புவனா வயிற்றில் தையலோடு கட்டிலில் கிடந்தாள். மாமனார் ஈஸ்வரமூர்த்தியும் திருமூர்த்தியும் குழந்தையை வெள்ளைத் துண்டில் சுற்றி, காரிலேயே சொந்த ஊரான தொண்டாமுத்தூருக்குக் கொண்டுவந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியும் விட்டார்கள். இருவர் செருப்பிலும் செம்மண் ஒட்டியிருந்தது.

"நம்ம தோட்டத்துலயே வெச்சுப்போட்டோம்" என்றார் மாமனார். எங்கே என்று சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். பச்சைப் பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குக் காட்டமாட்டார்கள். காட்டினால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்தது தங்காது என்பார்கள். கல் நடுவதில்லை, பெயர் வைப்பதில்லை, பேச்சிலும் எடுப்பதில்லை. வீட்டுக்கு வரும் ஒரம்பரைகள் "எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டால், புவனா வாய் திறக்கும் முன்பே யாராவது முந்திக்கொண்டு, "இன்னும் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. அதில் எங்கே கால் வைத்தாலும் புவனாவின் பாதம் ஒரு கணம் தயங்கும். வேப்பமரத்தடியாக இருக்குமோ? இட்டேரிப் பாதை ஓரமாகவோ? பழைய கிணற்றுமேட்டில் மட்டும் அருகம்புல் இத்தனை பச்சையாக இருக்கிறதே, அங்கேயோ? ஒரு முறை மலையிலிருந்து யானை இறங்கி, தோப்பைக் கலக்கிவிட்டுப் போனது. விடிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். மாமியார் பூவாத்தாள் பின்னாலேயே வந்து, "தென்னங்கன்னு போனாப் போகுது கண்ணு, மறுக்கா வெச்சுக்கலாம். அதுக்குப் போயி இப்படியா வெசனப்படறது!" என்று தேற்றினாள். புவனா பார்த்துக்கொண்டிருந்தது கன்றுகளையல்ல. ஈர மண்ணில் பதிந்திருந்த யானையின் காலடிகளை, ஒவ்வொன்றாக.

குழந்தை போன சில மாதங்களில் திருமூர்த்தி இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பீளமேட்டு மோட்டார் கம்பெனியில் அந்தத் தீவுக்குப் போக வேறு யாரும் முன்வரவில்லை. உலகப்படத்தில் துவாலு என்ற பெயர் இருந்தது. நிலம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நீலம்தான் தெரிந்தது. இந்தத் தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. தானும் கூடப் போகமுடியாதே என்றுதான் இருந்தது.

இங்கே உச்சிப்பொழுது நெருங்கும்போது அங்கே சாயங்காலம். அந்த நேரத்துக்கு வீடியோவில் அழைப்பான். அழைத்ததும் தீவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். விமானம் வாரத்துக்குச் சில நாள்தான் வரும். அது வரப்போகும்போது மில்லில் ஊதுவது போலச் சங்கு ஊதுவார்கள். மற்ற நேரமெல்லாம் ஓடுதளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும், பெரியவர்கள் பாய் விரித்துக் காற்று வாங்குவார்கள். மண்ணைத் தோண்டிப் பள்ளம் பறித்து, அடியில் ஊறும் நல்ல தண்ணீரில் பெரிய சேம்பு மாதிரி ஒரு கிழங்கு வைக்கிறார்கள். இப்போது அந்தப் பள்ளத்துக்குள் உப்பு ஏறி வேர் அழுகுகிறது. கடல் பெருகும் நாட்களில் தண்ணீர் கரையைத் தாண்டி வருவது போதாதென்று தரைக்கு அடியிலிருந்தும் கொப்பளித்துக்கொண்டு வருகிறது. ஊர் மண்டபத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து மரப்பெட்டியைத் தட்டிப் பாடுகிறார்கள். மெதுவாகத் தொடங்கும் பாட்டு ஏறிக்கொண்டே போய் உச்சியில் சட்டென்று அறுந்துவிடுகிறது.

"ரெண்டு பக்கமும் கடலா?" என்று பூவாத்தாள் போனுக்குள் எட்டிப் பார்ப்பாள். "ஏஞ்சாமி, நீ தூக்கத்துல உருள்றவனாச்சே. கட்டல்ல கவுறு கட்டிட்டுப் படு."

"தென்னமரத்துல கள்ளாட்டம் தெளுவு எறக்கிக் காலைல குடிக்கறாங்கம்மா."

"அங்க போலீசு புடிக்கறதில்லையா?" என்பார் ஈஸ்வரமூர்த்தி கட்டிலில் இருந்தபடியே. "அப்ப நல்ல கவுருமெண்டுதான். எனக்கும் ஒரு டிக்கெட்டுப் போடு."

எல்லோரும் சிரிப்பார்கள். புவனாவும் சிரிப்பாள்.

"துவாலுன்னா எட்டும் சேந்து நிக்கறதுன்னு அர்த்தமாம்மா" என்றான் ஒரு நாள்.

"எட்டுத் தீவா?"

"தீவு ஒம்பது. ஒண்ணுல முன்னெல்லாம் சனமே குடியிருக்கல. அதனால அதைக் கணக்குல சேக்கலயாம்."

"அதுவும் அவங்க மண்ணுதானப்பா? சேத்துனா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்றாள் பூவாத்தாள்.

அன்று புவனா சிரிக்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெனினாவை அவள் முதலில் பார்த்தது அப்படியொரு அழைப்பில்தான். திருமூர்த்திக்குப் பின்னால், வீட்டு வாசலை ஒட்டி, தகரக் கூரை போட்ட சின்னச் சிமெண்டு மேடை ஒன்று இருந்தது. அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து, பிளாஸ்டிக் மாலை சாத்தியிருந்தார்கள். கனத்த உடம்புக்காரி ஒருத்தி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சிப்பிகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அக்கா எதுமேல சாஞ்சிருக்குது?"

திருமூர்த்தி திரும்பிப் பார்த்தான். "அதா... அது ஒண்ணுமில்ல."

"சமாதிங்களா?"

"ம்."

"வாசல்லயேவா?"

"இங்க அப்படித்தான். ஊட்டாளுகள ஊட்டை உட்டு அனுப்பறதில்ல." குரலைத் தணித்துக்கொண்டான். "பெனினாவோட பையன். சின்னவன். சரி, மோட்டார்ல ஒரு கோளாறு, நான் போகோணும்."

அதன்பிறகு அவன் மரத்தடிக்கு வந்தே பேசினான். பின்னால் சீமைப்பலாவும் கடலும் மட்டும் தெரிந்தன. ஆனாலும் ஒரு நாள் பேச்சுவாக்கில் அவனே சொன்னான்: ஆஸ்திரேலியா போய்க் குடியேற வருஷாவருஷம் குலுக்கல் போடுகிறார்கள், பெனினா வீட்டுக்கு விழுந்திருக்கிறது, புருஷன் கிளம்பத் தயார், இவள்தான் அசையமாட்டேன் என்கிறாள்.

"ஏனுங்க?"

"என்னவோ, அவங்க ஊட்டு நாயம்."

ஏன் என்று அவனுக்கும் தெரியும், தனக்கும் தெரியும் என்பது புவனாவுக்குத் தெரிந்தது. கிணற்றில் போட்ட கல்லைப் போல அந்தப் பேச்சு அடியில் போய்த் தங்கிவிட்டது.

போன மாதம் அவன் மழைத்தொட்டியில் ஏறி எதையோ பூட்டிக்கொண்டிருந்தபோது புவனாவே அழைத்தாள். எடுத்தவள் பெனினா.

"தாலோஃபா!" என்று அவர்கள் பாஷையில் வணக்கம் சொன்னாள், முகமெல்லாம் சிரிப்பாக. பிறகு மெதுவான ஆங்கிலத்தில் பேசினாள். போனைத் திருப்பி வீட்டைக் காட்டினாள், கோழிகளைக் காட்டினாள், அந்த மேடையையும் காட்டினாள். தூங்கும் பிள்ளையின் முதுகைத் தட்டுவது போல அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். "இவன் என் இளையவன். கடல் வந்தால் இவனை யார் தூக்குவது? அதனால்தான் நான் போகவில்லை" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு கேட்டாள்: "உனக்குக் குழந்தைகள்?"

முந்திக்கொண்டு பதில் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

"ஒரு மகள்" என்றாள் புவனா.

 முதல் முறையாக அதைத் தன் வாயால் சொல்கிறாள்.

"ஓ! எங்கே இருக்கிறாள்?"

பெனினா ஆவலோடு திரைக்குள் தேடினாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டிப் பெண் ஓடிவருவாள் என்று நினைத்தாளோ என்னவோ. புவனா சிக்னல் போய்விட்டது போல ஒரு விரலால் அழைப்பைத் துண்டித்தாள். சமையலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். எங்கே இருக்கிறாள்? பெற்ற தாயிடம் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். பதில்தான் இல்லை.

தோப்பின் போர்வெல் வற்றிப்போனதும் ஈஸ்வரமூர்த்தி கீழ்த்தோப்பில் பண்ணைக்குட்டை வெட்டுவது என்று முடிவு செய்தார். பொக்லைன் புதன்கிழமை வரும் என்று சாப்பிடும்போது சொன்னார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த புவனா, அவர் தட்டில் மறுபடியும் ரசத்தையே ஊற்றினாள்.

மறுநாள் காலை பூவாத்தாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புவனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, குட்டை எந்தப் பக்கம் வெட்டறாங்க?"

"கீழ்த்தோப்புல எங்கியோ. எனக்கென்ன தெரியும்?"

"அங்க... வேற ஒண்ணும் இல்லீங்களே?"

பூவாத்தாள் கையிலிருந்த காயை முறத்தில் வைத்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது கண்ணு. நெசமாலுமே தெரியாது. திருமூர்த்திக்கு முன்னால எனக்கும் ஒண்ணு போச்சு. ஆம்பளைப் பையன். அதுவும் இந்தத் தோட்டத்துலதான். எங்கன்னு உங்க மாமா சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல." மறுபடியும் காயை நறுக்கத் தொடங்கினாள். "இப்பெல்லாம் கேக்கோணும்னு தோணறதுகூட இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் புவனாவுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. கேட்காமலே இருந்தால் ஒரு நாள் இப்படித்தான் ஆகிவிடும். கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றாது. குழந்தை இரண்டாவது முறையாகவும் போய்விடும்.

புதன்கிழமை பொக்லைனின் உறுமல் இட்டேரி வழியாக வந்தபோது அவள் கையில் தோசைமாவு இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். நடந்துகொண்டே அழைத்தாள். தயங்கும் பாதங்கள் அன்று தயங்கவில்லை.

கீழ்த்தோப்பில் ஈஸ்வரமூர்த்தி சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு முடித்திருந்தார். கோட்டுக்குள் ஏழெட்டுக் காய்ந்த தென்னைகள். ஆபரேட்டர் ரியாஸ் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இரும்புக் கையை மேலே தூக்கியிருந்தான்.

"வெயில்ல எதுக்கம்மணி வந்தே? தூசி அடிக்கும், ஊட்டுக்குப் போ" என்றார் மாமனார்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அவள்.

ரியாஸ் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தான். அவர் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைக் கீழே வைத்தார். இஞ்சின் அணைந்தது. தென்னோலைகள் உரசும் சத்தம் கேட்டது. போனில் திருமூர்த்தியின் முகம் தெளிந்து வந்தது. பின்னால் அதே சீமைப்பலா, அதே கடல்.

"என்ன புவனா, இந்நேரத்துக்கு? இப்பத்தான் பிளேன் எறங்குச்சு, சங்கு ஊதுனது கேட்டுதா? இங்க நேத்துக் காத்து..."

"தீவு இருக்கட்டுங்க."

அவன் நிறுத்திக்கொண்டான். ஒன்றரை வருஷமாக அவன்தான் காட்டினான், அவள் பார்த்தாள். இப்போது அவள் போனைத் திருப்பினாள். சுண்ணாம்புக் கோடு, தூக்கி நிற்கும் இரும்புக் கை, தலை குனிந்து நிற்கும் அவன் அப்பா, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.  வரப்பில் பூவாத்தாள் வந்து நின்றிருந்தாள், முந்தானையை வாயில் வைத்தபடி.

புவனா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். 

"ஏனுங்க, நம்ம புள்ளையை எங்கீங்க வெச்சீங்க? எனக்கு அந்த எடத்தைக் காட்டுங்க. நான் நடந்துட்டே வாரேன். அவ இருக்கற எடம் வந்ததும் நில்லுன்னு சொல்லுங்க."