பாதி நியமனம்

ஓரின் டாக்கெட்டை எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டராக ஜனாதிபதி முன்மொழிந்த அன்று, மாலை ஆறேகால் மணிக்கு, சொந்தக் கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே அவருக்கு இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் தலைநகரத்துக்குப் போய்விட்டது. பெயரைச் சொல்வது ஜனாதிபதி வேலை, சம்மதம் சொல்வது செனட் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் முழு ஆள். பிடில்காரர் கவனிக்காமல் இன்னும் கொஞ்சம் வாசித்தார். புதுப்பெண் ஐடெல்லா, தன் கழுத்தைப் பிடித்துத் தொங்கிய கணவனைத் தூக்கிப்போய் நாற்காலியில் வைத்துவிட்டு, ஆட்டத்தில் கடைசிச் சுற்று பாக்கி இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அன்றைக்குக் கேக் நிறைய மீந்துவிட்டது.

பத்து நாள் கழித்து செனட்டின் வாயிற்காவலர் கடிதம் போட்டார். பழுப்புக் காற்சட்டை போட்ட ஒரு ஜோடிக் கால்கள் குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும், இடது ஷூவின் கயிறு அவிழ்ந்திருப்பதாகவும், யாருக்கும் தொந்தரவில்லை என்றும் எழுதியிருந்தார். ஐடெல்லா கிறிஸ்துமஸ்தோறும் அந்தப் பெஞ்சுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பினாள். மேல்பாதி ஓரின், எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் உயரமான முக்காலியில் உட்கார்ந்து தற்காலிகப் பொறுப்பில் வேலை பார்த்தார். கடிதங்களுக்கு முத்திரை குத்துவதைத் தவிர அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததே இல்லை. மூன்றாம் மாதம் கால்கள் தாழ்வாரத்தில் நடை பழக ஆரம்பித்தன. அங்கே அவை நடந்தால் இங்கே இவர் முக்காலியில் ஆடினார். முத்திரைகள் கோணலாக விழுந்தன. வரிசையில் நின்றவர்களையும் அது தொற்றியது. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஒருவராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தேவாலயத்தில் போதகரே நடந்துகொண்டுதான் பிரசங்கம் செய்தார்.

செனட் சம்மதம் தராததற்குக் காரணம் ஒரு பன்றி. கவுண்டி சந்தையில் வருடந்தோறும் நடக்கும் பன்றிப் போட்டிக்கு நடுவராக இருந்த ஓரின், எங்கள் மாநிலத்து செனட்டர் லைல் பிரக்னலின் பன்றிக்கு இடது காது தொங்குகிறதென்று இரண்டாம் பரிசு கொடுத்திருந்தார். சொந்த மாநிலத்து செனட்டர் எழுந்து, இந்த ஆளை எனக்குப் பிடிக்காது என்று ஒரு வரி சொன்னால் போதும். ஏன் என்று கேட்பது அநாகரிகம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பிரக்னல் வருடாவருடம் அந்த ஒரு வரியைச் சொன்னார். ஜனாதிபதியும் பிடிவாதத்தில் குறைந்தவரில்லை. வருடாவருடம் அதே பெயரைத் திருப்பி அனுப்பினார்.

நான்காம் வருடம் ஐடெல்லா ரயிலேறினாள். பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் வலது ஷூ அவளை அடையாளம் கண்டு அவள் காலோடு ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்து இடது ஷூவின் கயிற்றைக் கட்டிவிட்டு, போவோர் வருவோர் பார்க்க அழுதாள். பிறகு மூன்று இடங்களில் ஏறி இறங்கினாள். தனக்கு ஓரின் மேல் கோபமே இல்லை, பன்றிக்குத்தான் மனசு உடைந்துபோனது என்றார் பிரக்னல். பெயர் சொல்வதோடு தங்கள் வேலை முடிந்தது என்றார் ஜனாதிபதியின் செயலாளர். நீதிபதி மட்டும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார்.

"மூணு பேரும் சட்டப்படி சரியாத்தாம்மா இருக்கோம். அதுதான் சிக்கலே," என்றார். "ஆமான்னு சொல்லுன்னு செனட்டுக்கு நான் உத்தரவு போட முடியாது. ஜனாதிபதி மனசுவெச்சாப் பேரைத் திருப்பி எடுத்துக்கலாம். உன் வீட்டுக்காரரை எழுதிக் கேக்கச் சொல்லு. கால் வந்துடும், வேலை போயிடும்."

ஓரின் ஒப்பவில்லை. இரண்டு வருடம் அந்த வீட்டில் இதே சண்டைதான். ஜன்னல் திறந்திருந்ததால் ஊருக்கே அது மனப்பாடம்.

"எனக்கு போஸ்ட்மாஸ்டர் வேண்டாம் ஓரின். அந்தக் கடைசிச் சுத்து வேணும்."

"ஒரு கடுதாசி தொலைச்சிருக்கேனா நான்? இப்ப விட்டா அந்தப் பன்னி ஜெயிச்சிடும்."

"அந்தப் பன்னி செத்து மூணு வருஷம் ஆச்சு."

ஏழாம் வருடம் மார்ச்சில் வாயிற்காவலரிடமிருந்து இரண்டாம் கடிதம் வந்தது. வெளிப்படிகளில் பேண்டு வாசிக்கும்போதெல்லாம் கால்கள் தாழ்வாரத்தில் தனியாக ஆடுகின்றன, கடைசிச் சுற்று வரும்போது மட்டும் நின்றுவிடுகின்றன, ஏனென்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். ஓரின் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஜனாதிபதிக்கு நாலு வரி எழுதி உறையில் போட்டு, தன் கையாலேயே முத்திரை குத்தினார். அந்த ஒன்று மட்டும் நேராக விழுந்தது.

பதினோராம் நாள் கால்கள் தபால் ரயிலிலிருந்து இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் வீட்டுக்கு நடந்தன. பிடில்காரருக்கு அதற்குள் காது மந்தமாகிவிட்டது, ஆனாலும் வாசித்தார். கடைசிச் சுற்று இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆடி முடித்த பிறகும் ஐடெல்லா கைகளை எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஏழு வருடத்தில் முதல் முறையாக அசையாமல் நின்றோம்.

மே மாதம் ஜனாதிபதி அந்த வேலைக்கு நெட்டி வோக்லரை முன்மொழிந்தார். மறுநாள் காலை அவளுடைய அண்ணன், இடுப்புக்கு மேலே மட்டும் மிஞ்சியிருந்த அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். ஓரின் அவளைத் தூக்கி முக்காலியில் உட்காரவைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, ஐடெல்லா பின்னி மீதமிருந்த ஒரு ஜோடிக் காலுறையையும் மேஜைமேல் வைத்தார்.

"இதை இன்னைக்கே அனுப்பிடு நெட்டி. அந்தத் தாழ்வாரத்துல காலுக்குக் குளிரும்."

நெட்டி அதற்கு முகவரி எழுதினாள். வரிசையில் அடுத்து நின்றவர் இரண்டு தபால்தலை கேட்டார்.