மூன்றாவது கீறல்

பார்லர்க்காரிக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வராதா பின்னே? கையில் இருந்த கருத்தடைக் குச்சியை எடுத்துவிடுங்கள், பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்குச்சி நீளத்தில், தோலுக்கு அடியில் இருக்கிற சமாச்சாரம் அது. கல்யாணமான புதிதில், முதலில் கடை நிமிரட்டும் என்று புருஷனோடு பேசிவைத்துப் போட்டுக்கொண்டாள். அதைத் தேடி டாக்டரம்மா இடது கையை இரண்டு தடவை கீறியாயிற்று. தையல் போட்ட கையைத் தூக்கி அவளால் யாருக்கும் முடிவெட்ட முடியவில்லை.

"ஆழமா போயிருக்கும்மா. இன்னும் ஒரு தடவை பாத்துடலாம்."

"என் கை என்ன மண்ணா, தோண்டித் தோண்டிப் பாக்க? தடவிப் பாத்தீங்க, தட்டுப்படல. ஸ்கேன் எடுத்தீங்க, தெரியல. அப்புறம் எதை நம்பிக் கத்தியை எடுக்கறீங்க?"

"மெதுவா பேசு," என்றான் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. கை உங்களுதா?"

டாக்டரம்மா இறங்கிவந்தார். "சரி, ரத்தம் எடுத்து அனுப்பறேன். குச்சி உள்ள இருந்தா அதோட ஹார்மோன் ரத்தத்துல காட்டிக்குடுத்துடும்."

"அடப்பாவமே! இதை முதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?"

"வெளியூர் லேபுக்கு அனுப்பணும். நாளாகும்னுதான்..."

"கீறின கை ஆற மட்டும் நாளாகாதா?"

முடிவு வந்த அன்று டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"நல்ல சேதி. கத்தியே வேண்டாம். அந்த ஹார்மோன் ரத்தத்துல துளிகூட இல்ல. உங்க கையில குச்சியே கிடையாது."

"எங்க போச்சு?"

"உள்ள போகவே இல்ல. போடுற ஊசியிலயே சிக்கிக் குப்பைக்குப் போயிருக்கும். போட்டவங்க அன்னைக்கே தடவிப் பாத்திருக்கணும்."

"அவங்க பாக்காம விட்டாங்க, நீங்க பாக்காம வெட்டினீங்க. ரொம்ப நல்லா இருக்கு உங்க வைத்தியம்!"

புருஷனுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. "விடும்மா, கை தப்பிச்சுது. இனிமே நமக்கு ஒரு தடையும் இல்ல."

அவனையும் ஒரு பிடி பிடிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாதவிலக்கு முன்னே பின்னே வந்தபோதெல்லாம், எல்லாம் குச்சி செய்கிற வேலை என்று சும்மா இருந்துவிட்டாளே.

"இனிமே இல்லையா?" என்றாள். "இத்தனை வருஷமா மட்டும் என்ன தடை இருந்துது? கையில ஒண்ணுமே இல்லைன்னா, எனக்கு ஏன் இன்னும் உண்டாகல?"

புருஷன் டாக்டரம்மாவைப் பார்த்தான். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். யார்மேல் எரிந்து விழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.