சமையலறைச் சுவரில் ஆயில் ஃபில்டர்

ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகின் ஆயில் ஃபில்டர், ஒன்பது வருடமாக மெக்கானிக் வீட்டுச் சமையலறைச் சுவரில், ஜன்னலுக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவே இருக்கிறது. படகுத்துறைக்கும் அந்த வீட்டுக்கும் இடையே மூன்று தெருக்கள். குழாய் எதுவும் கிடையாது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; பிறகு யாரும் குழாயைத் தேடி அலைய வேண்டாம். ஆரம்பத்தில் நாங்கள் தேடினோம். சாக்கடை மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தோம். ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது.

முதலில் ஃபில்டர் படகில்தான் இருந்தது, இன்ஜினுக்குப் பின்பக்கம், படகின் உடம்போடு ஒட்டி. அதை அங்கே மாட்டியவர்கள், ஒருநாள் யாராவது கழற்றவும் வேண்டியிருக்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. இருநூற்றைம்பது மணி நேரம் ஓடியதும் மெக்கானிக் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டுத் திருகுவார். பழைய ஆயில் முழங்கை வழியாக இறங்கி அக்குளில் வந்து தங்கும். வருடத்துக்கு வருடம் இன்ஜின் அதே அளவில் இருந்தது, மெக்கானிக்கின் வயிறு மட்டும் அப்படி இல்லை. ஒருநாள் காலை உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். பயணிகள் மேலிருந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு நல்ல மனிதர் அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று பேப்பர் படித்துக் காட்டினார். கடைசியில் படகின் சொந்தக்காரரும் ஓட்டுநருமான அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்.

"மாப்ள, நீ இன்ஜினுக்கு மெக்கானிக்கா, இல்ல அடைப்பா? அடுத்த சர்வீஸுக்கு ஒல்லியா ஒரு ஆளைப் பாத்துக்குறேன். நீ மேல உக்காந்து டிக்கெட்டைக் கிழி."

அன்று மெக்கானிக் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டார். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் மனைவி அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. அவர் தையல் வேலை செய்பவர்; விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தார். "கை எட்டலைன்னா எட்டுற இடத்துக்கு மாத்துங்க. பாக்கெட்டை எவனாவது முதுகுல வெச்சுத் தைப்பானா?"

மெக்கானிக்குக் கண் திறந்தது. ஃபில்டர் இருந்த இடத்தில் ஒரு தகடு, அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள், படியருகே சுவரில் ஃபில்டர்: இதுதான் திட்டம். விடுமுறை நாளில் தகட்டையும் குழாய்களையும் பொருத்தி, குழாய் முனைகளை அடைத்து வைத்தார். ஆனால் எதையும் முதலில் வீட்டில் மாட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். சுக்கான் சங்கிலிகூட ஒரு வாரம் கட்டில் காலில் கிடந்திருக்கிறது. எந்த உயரத்தில் வைத்தால் குனியாமல் திருகலாம் என்று பார்க்க, ஃபில்டரில் ஆயில் நிரப்பி, நான்கு திருகாணி போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டினார். மறுநாள் காலை அவர் அதைத் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தபோது, மச்சான் படகில் அழகாகக் கட்டியிருந்த குழாய்களைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஏங்க, உங்க டப்பா முனகுது. சூடாவும் இருக்கு."

மெக்கானிக் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓடினார். ஆயில் சுற்றாத இன்ஜின் ஒரு டீ குடிக்கும் நேரம்கூடத் தாங்காது. படகோ நடு ஆற்றில் இருந்தது. அவர் தலையில் கை வைத்து நின்றார். படகு அக்கரை போய், ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, திரும்பி வந்தது. "பட்டு மாதிரி போகுது மாப்ள!" என்றார் மச்சான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். கீழே போய் அடைத்த குழாய்களைப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது சிரிக்கவில்லை.

மெக்கானிக் நேர்மையானவர். ஃபில்டரைக் கழற்றி வந்து, திட்டப்படி படியருகே மாட்டி, குழாய்களை இணைத்தார். ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழவே இல்லை. மூன்று தடவை முயன்றார். சமையலறையில் மாட்டினால் எழுந்தது. ஹாலில் மாட்டியபோது படகு கரும்புகை கக்கியது. அத்தோடு விட்டுவிட்டார்கள். கீழே செய்தித்தாள் விரிக்க வேண்டும், என் துண்டில் கை துடைக்கக் கூடாது என்று மனைவி இரண்டே நிபந்தனைகள் போட்டார். அதிலிருந்து ஒவ்வொரு சர்வீஸுக்கும் மெக்கானிக் நிமிர்ந்து நின்று, கையால் ஒரு திருகு திருகி வேலையை முடித்தார். வருடங்கள் போயின. குளிர்காலத்தில் வீட்டில் எல்லோரும் ஃபில்டரைச் சுற்றி நின்றார்கள். முனகல் தணிந்தால் படகு கரையை நெருங்குகிறது என்று மனைவி டீக்குத் தண்ணீர் வைத்தார். ஒருமுறை மெக்கானிக் காய்ச்சலில் படுத்தபோது அவரே ஃபில்டரை மாற்றிவிட்டு, ஊசியில் நூல் கோப்பதுதான் கஷ்டம் என்றார்.

ஏழாம் வருடம், படகுகளைச் சோதித்து லைசன்ஸ் தரும் புது சர்வேயர் வந்தார். பழையவர் இன்ஜின் அறைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இவரோ, பருத்த மனிதர், உள்ளேயே இறங்கிவிட்டார். ஃபில்டர் இல்லாத படகுக்கு லைசன்ஸ் கிடையாது என்றார். படகில் மாட்டினால் படகு ஓடாது, மாட்டாவிட்டால் ஓட விடமாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் தன் வேலை போய்விட்டது என்று மெக்கானிக்குப் புரிந்தது. மச்சான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றார்.

"எதுக்குப் பொய்? இங்கயே கூட்டிட்டு வாங்க," என்றார் மனைவி. "பாத்திரமெல்லாம் கழுவித்தான் இருக்கு."

சர்வேயர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முனகும் ஃபில்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முனகல் நின்றது, படகு அக்கரையில் நிற்கிறது என்று பொருள்.

"கழட்டுங்க."

மெக்கானிக் கழற்றினார். செய்தித்தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சர்வேயர் சட்டைக் கையை மடித்து, முழங்கையில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைக் காட்டினார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு படகுலயும் நான் நிமிர்ந்து நின்னு ஃபில்டரைப் பாத்ததில்லைங்க."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். எட்டும் வசதி: மிக நன்று. காற்றோட்டம்: நன்று. குழாய்களின் நிலை: பொருந்தாது. இயந்திர அறைகள்: இரண்டு. ஒவ்வொரு இயந்திர அறைக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு அறிவிப்புப் பலகையும் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது அறையின் நிரந்தரப் பொறுப்பாளராக மெக்கானிக்கின் பெயரை எழுதி முத்திரை குத்தினார்.

மறுநாள் மச்சான் வழக்கம்போல டீக்கு நேரே உள்ளே நுழைந்தார். தங்கை கரண்டியால் கதவைக் காட்டினார். 'இயந்திர அறை. அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.'

"அண்ணே, போர்டைப் படிங்க."

"நான் படகு ஓனர்ம்மா!"

"ஓனர் வரலாம்னு அதுல எழுதலையே."

மச்சான் மெக்கானிக்கைப் பார்த்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் கத்தியை வைத்துவிட்டு, பொறுப்பாளருக்குரிய முகத்தோடு ஃபில்டரில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார்.

"இன்ஜின் நல்லா இருக்கு மச்சான். அங்கயே நின்னு குடிச்சிட்டுக் கிளம்புங்க, ஜனங்க காத்திருக்காங்க."

மச்சான் வாசற்படியில் நின்று குடித்துவிட்டு, தம்ளரைத் தங்கையிடம் நீட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் சுவர் மெல்ல முனக ஆரம்பித்தது. இன்னும் நான்கு வெங்காயம் மீதி இருந்தது.